காஸ்ட் அயர்ன் புல்லட் 350: வீட்டு ஷெட்டில் பிரித்து மாட்ட ஏற்ற வண்டியா?

பழைய வண்டி ஒன்றை வாங்கி, வீட்டு ஷெட்டில் வைத்து நட்டு நட்டாகப் பிரித்து, திரும்ப மாட்டி ஓட்ட நினைப்பவர்களுக்கு நம் ஊரில் பெரும்பாலும் மூன்று வண்டிகள்தான் கண்ணில் படும்: யமஹா ஆர்எக்ஸ் 100, ஜாவா–யெஸ்டி, காஸ்ட் அயர்ன் புல்லட். ஆர்எக்ஸ் 100 எளிய டூ ஸ்ட்ரோக். 98 சிசி, பிரிக்க அரை நாள் போதும். ஆனால் 1985இல் வந்து 1996இல் நின்றுபோன அந்த வண்டிக்கு இன்று கேட்கப்படும் விலைக்கும் வண்டியின் நிலைக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. யெஸ்டி அழகான வண்டி, ஆனால் நல்ல கிராங்க், நல்ல கியர் கிடைப்பது அலைச்சல். புல்லட்டுக்கு மட்டும் இன்றைக்கும் எல்லா பாகமும் கடையில் கிடைக்கும். அதன் பலம் அதுதான். கிடைக்கும் பாகங்களில் எது நல்லது, எது குப்பை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பது அதன் பலவீனம்.

இங்கே மதிப்பிடுவது 2000க்கு முந்தைய புல்லட் ஸ்டாண்டர்டு 350. வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நான்கு கியர், பாயிண்ட் இக்னிஷன் (தொட்டு விலகும் இரண்டு முனைகளால் ஸ்பார்க் தரும் பழைய முறை). போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் செய்துவந்த அதே வடிவம். சிலிண்டர் இரும்பு வார்ப்பு, ஹெட் அலுமினியம். இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. கியர்பாக்ஸில் கோளாறு என்றால் இன்ஜினைத் தொட வேண்டாம், இன்ஜினில் கோளாறு என்றால் கியர்பாக்ஸை அசைக்க வேண்டாம். வீட்டில் வேலை செய்கிறவருக்கு இந்த ஒரு அமைப்பே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டு ஷெட்டுக்கு இதைவிடப் பொறுமையான வண்டி கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை: காசு முதலில் கிராங்க்குக்கு (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போக வேண்டும், கடைசியில் பெயிண்டுக்கு. நம் ஊரில் 'ரீஸ்டோர்' செய்யப்பட்டு விற்பனைக்கு வரும் புல்லட்களில் பல இதைத் தலைகீழாகச் செய்தவை. குரோம் பளபளக்கும், டேங்க் கண்ணாடி மாதிரி இருக்கும், இரண்டாயிரம் கிலோமீட்டரில் கீழே 'டொக் டொக்' என்று கேட்கும்.

வாங்கும்போது பெயிண்டைப் பார்க்க வேண்டாம். ஃப்ரேமின் கழுத்துப் பகுதியில் அடித்திருக்கும் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் தேய்க்கப்பட்டிருந்தாலோ, அதன்மேல் பட்டி பூசப்பட்டிருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. பதினைந்து வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி.யை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அது எந்தத் தேதிவரை இருக்கிறது என்று பாருங்கள். முதல் பதிவு ஆகி 50 வருடம் கடந்த வண்டி என்றால் 2021இல் வந்த விதிப்படி 'வி.ஏ.' எழுத்துள்ள விண்டேஜ் எண் வாங்கலாம். ஆனால் அந்த எண்ணோடு தினசரி வேலைக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும்தான். ஓட்டுவதற்காகச் செய்கிறவர்கள் சாதாரணப் பதிவையே வைத்துக்கொள்வது உசிதம்.

ஃப்ரேமில் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் ஒன்று உண்டு. புல்லட் ஃப்ரேம் இன்ஜினுக்குக் கீழே முழுதாகச் சுற்றி வராது. முன்குழாய்க்கும் பின்பகுதிக்கும் நடுவே இன்ஜின்தான் பாலம். இன்ஜின் போல்ட் தளர்வாக நெடுநாள் ஓடிய வண்டியில் போல்ட் துளைகள் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும், மவுண்டிங் பிளேட்டில் விரிசல் இருக்கும். பிளேட் புதிதாகக் கிடைக்கும். ஃப்ரேமின் லக்கில் (போல்ட் மாட்டும் காது) விரிசல் இருந்தால் விலையை அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.

கருவி விஷயத்தில் பலர் முதல் நாளே தவறு செய்வார்கள். இது பழைய ஆங்கிலேய வடிவம். மரைகளில் பல 26 டிபிஐ (அங்குலத்துக்கு 26 சுற்று) சைக்கிள் மரை, சில விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவு, பிற்கால வண்டிகளில் நடுநடுவே மெட்ரிக்கும் கலந்திருக்கும். 13, 14 ஸ்பானரைச் செருகி, கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை என்று திருப்பினால் நட்டின் மூலை உருண்டுவிடும். விட்வொர்த் ரிங் ஸ்பானர் ஒரு செட், அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர், கிளட்ச் புல்லர், ரோட்டார் புல்லர், டைமிங் பினியன் புல்லர், ஃபில்லர் கேஜ், வெர்னியர். இவை இருந்தால் போதும். புல்லர் இல்லாமல் உளியும் சுத்தியலும் கொண்டு பினியனை (கிராங்க் முனையின் சின்னப் பல்சக்கரம்) தட்டிக் கழற்றுகிறவர்கள் உண்டு. அந்த அடி கிராங்க் ஷாஃப்டின் நேர்த்தியைக் கெடுக்கும். பிறகு எத்தனை நல்ல பேரிங் போட்டாலும் அதிர்வு போகாது.

பிரித்தல்

பிஸ்டன் பிடித்துக்கொண்ட வண்டி என்றால் கிக்கரை மிதிக்காதீர்கள். கிக்கர் ராட்செட்தான் முதலில் உடையும். பிளக்கைக் கழற்றி டீசலும் ஏடிஎஃபும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) சரிபாதி கலந்து ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டினால் பெரும்பாலும் அசைந்துகொடுக்கும்.

கழற்றும் வரிசை எளிது: சீட், டேங்க், சைலன்சர், கார்புரேட்டர், வயரிங், இடது பக்கப் பிரைமரி கவர், கிளட்ச்–ஸ்பிராக்கெட், கடைசியில் இன்ஜின். பிரைமரி கவரைப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டுதான். உள்ளே இன்ஜின் ஸ்பிராக்கெட்டும் கிளட்சும் பிரைமரி செயினும் ஒன்றாகவே வெளியே வர வேண்டும். அந்தச் செயினுக்கு லிங்க் பூட்டு கிடையாது. ஒன்றை மட்டும் இழுத்தால் செயின் மற்றதை இழுத்துப் பிடிக்கும்.

கழற்றிய போல்ட்களை ஒரே டப்பாவில் போடுவது நான்கு மாதம் கழித்து அழவைக்கும். வலது பக்க டைமிங் கவர் ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் அல்ல. பழைய அட்டைப்பெட்டி ஒன்றில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்திலேயே குத்திவைத்துவிடுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டையான துளையில் முறுக்கி, அலுமினியக் கேஸை உள்ளேயிருந்து பிளந்துவிட்ட வண்டிகள் ஏராளம். இரண்டு ரூபாய் அட்டை ஒரு கிராங்க்கேஸைக் காப்பாற்றும்.

டைமிங் கவரைத் திறந்ததும் பிளாஸ்டிக் டார்ச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். இரண்டு கேம் பல்சக்கரங்கள், நடுவே கிராங்க் பினியன், அவற்றில் புள்ளி அடையாளங்கள். பினியனுக்கு வெளியே ஆயில் பம்புகளை ஓட்டும் 'வார்ம்' நட்டு. அதற்கு இடது மரை, அதாவது கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். இது தெரியாமல் நீளக் குழாயை ஸ்பானரில் மாட்டி எதிர்ப்பக்கம் முறுக்கினால் மரை போய்விடும்.

அந்த நட்டின் முனை வந்து உட்காரும் இடத்தில், கவரின் உட்புறத்தில், சட்டைப் பொத்தானைப் போல ஒரு சின்ன சீல் இருக்கும். பழைய வண்டியில் கார்க், பிறகு வந்தவற்றில் ரப்பர். இந்த வண்டியில் விலை குறைந்த பாகமும் இதுதான், மிக முக்கியமான பாகமும் இதுதான். பம்பிலிருந்து வரும் எண்ணெய் கவர் வழியாக இந்த சீலைத் தாண்டி, கிராங்க்கின் துளைக்குள் நுழைந்து பிக் எண்டுக்கு (கன்ராடின் அடிமுனை கிராங்க்கில் சேரும் இடம்) போகிறது. சீல் காய்ந்து சுருங்கினாலும், மாட்டும்போது மறந்தாலும், எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் பெட்டிக்குள் வழிந்து கீழே போய்விடும். ரிட்டர்ன் பம்பு அதை எடுத்து மேலே ராக்கருக்கு (வால்வை அழுத்தித் திறக்கும் கை) அனுப்பிக்கொண்டே இருக்கும். ராக்கரில் எண்ணெய் வருவதைப் பார்த்துவிட்டு 'ஓட்டம் நன்றாக இருக்கிறது' என்று நம்பிவிடுவோம். கீழே பிக் எண்ட் காய்ந்துகொண்டிருக்கும். டைமிங் கவரை எத்தனை முறை கழற்றினாலும் அத்தனை முறையும் இந்த சீல் புதிது போட வேண்டும்.

கிராங்க், சிலிண்டர், ஹெட்

சிலிண்டரைத் தூக்குவதற்கு முன் கிராங்க்கேஸ் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின்னின் சர்க்ளிப் துள்ளி உள்ளே விழுந்தால் முழு கேஸையும் பிரிக்க வேண்டிவரும். பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடவே கூடாது.

பிஸ்டனை எடுத்த பிறகு கன்ராடை (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) பிடித்து, டிடிசியில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலையில் வைத்து, நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேல்–கீழாக 'டிக்' என்று ஓர் ஆட்டம் தெரிந்தால், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கிராங்க் வெளியே வந்தே ஆக வேண்டும். இந்த வண்டியில் பிக் எண்ட் ரோலர் அல்ல, ஃபுளோட்டிங் புஷ். பின்னுக்கும் ராடுக்கும் நடுவே எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும் வளையம். எண்ணெய் கிடைக்கும்வரை அது நீண்ட நாள் ஓடும். எண்ணெய் நின்றாலோ, டாப் கியரில் முப்பதுக்கும் கீழே இழுத்து ஓட்டினாலோ சீக்கிரம் தேயும். கடைகளில் ரோலர் பேரிங் கன்ராடு கிட்டும் கிடைக்கும். வேகமாக ஓட்டுகிறவர்கள் அதை விரும்புவார்கள். எழுபது, எண்பது வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல தரமான புஷ்ஷே போதும், சத்தமும் குறைவு.

கிராங்க் வேலை வீட்டில் ஆகாது. பிரஸ்ஸும், இரு முனையிலும் தாங்கிச் சுழற்றும் சென்டரும், டயல் கேஜும் உள்ள லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பின் மாற்றியதும் இரண்டு ஷாஃப்டும் ஒரே கோட்டில் ஓடுகிறதா என்று நிமிர்த்த வேண்டும். டயல் கேஜ் முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. 'கண்ணால பாத்தாலே தெரியும் சார்' என்று சொல்லும் பட்டறையில் கிராங்க்கைக் கொடுக்காதீர்கள். கேஜை வைத்து முள்ளை உங்கள் கண்முன் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபப்படமாட்டார், பெருமையோடு காட்டுவார்.

சிலிண்டரை 20 தவ், 40 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று ஓவர்சைஸ் போர் செய்யலாம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொடுத்த பிறகே போர் செய்யச் சொல்லுங்கள். ஒரே அளவு எழுதியிருக்கும் இரண்டு பிஸ்டன்கள் நுண்ணிய அளவில் வேறுபடும். பிஸ்டன் பெட்டியில் சொல்லப்பட்ட இடைவெளியை வைத்துத்தான் போரை முடிக்க வேண்டும். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் பிஸ்டன் தலையால் தள்ளி நேராக உட்காரவைத்து, வாய் இடைவெளியை அளந்து பாருங்கள். 70 மி.மீ. போருக்கு 0.3 மி.மீ. அளவில் இருக்கலாம். குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறும். அரத்தால் முனையை உள்நோக்கி மட்டும் இழுத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

ஹெட்டில் வால்வு கைடு தேய்ந்திருப்பது சகஜம். வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டினால் தெரியும். இங்கே மலிவான மாற்றுப் பாகம் ஆபத்து. கைடு வெளிவிட்டம் சிறிதாக வந்தால் ஹெட்டில் தளர்ந்து, ஓட்டத்தில் மேலும் கீழும் நகரும். புது கைடு போட்டால் சீட் வெட்டி வால்வை அரைத்தே ஆக வேண்டும். அரைத்த பிறகு வால்வுகளைப் பூட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். கசியாமல் இருந்தால் வேலை முடிந்தது.

கிராங்க்கேஸை மணல் அடித்துப் புதிதுபோல ஆக்குவது இப்போது பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். எண்ணெய்த் துளைகளுக்குள் சிக்கிய மணல் எந்தக் கழுவலுக்கும் முழுதாக வராது. சூடானதும் ஒவ்வொன்றாக விடுபட்டு, நேராகப் புது பிக் எண்டுக்குள் போகும். மண்ணெண்ணெய், டூத் பிரஷ், பித்தளைக் கம்பி பிரஷ், பொறுமை. அலுமினியத்துக்கு இதுவே சரி. பழைய பேரிங்கை எடுக்கவும் புதிது போடவும் கேஸைச் சீராகச் சூடேற்றுங்கள். ஒரு துளித் தண்ணீர் விட்டால் 'சுர்' என்று துள்ளி ஓட வேண்டும். அந்தப் பதத்தில் பழைய பேரிங் தட்டாமலே விழும். ஃப்ரீசரில் வைத்த புதியது கையாலேயே உள்ளே போகும். குளிர்ந்த கேஸில் சுத்தியால் அடித்து இறக்கிய பேரிங்கின் உட்கார்விடம் தளர்ந்துவிடும்.

துரு, டேங்க், பிரேக்

இரும்புப் பாகங்களின் துருவுக்கு எலக்ட்ரோலிசிஸ் முறை மலிவு, பாதுகாப்பு. பிளாஸ்டிக் டப்பில் நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் முனை துருப்பிடித்த பாகத்துக்கு, பிளஸ் முனை ஒரு பழைய இரும்புத் தகட்டுக்கு. எவர்சில்வர் தகட்டை மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுப்பொருளாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் ஷெட்டின் கதவைத் திறந்தே வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். அலுமினியப் பாகத்தை இதில் போட்டால் அரித்துவிடும்.

ஸ்டாண்டர்டு டேங்க் கிட்டத்தட்ட 14 லிட்டர் கொள்ளும். உள்ளே துரு என்றால் ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, தளர்ந்த துருவைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) கரைத்து நிரப்பி ஓர் இரவு விடுங்கள். காலையில் கொட்டினால் உள்ளே சாம்பல் நிற இரும்பு தெரியும். அப்போது டீ குடிக்கப் போனால் போச்சு. திரும்பி வருவதற்குள் மஞ்சள் துரு படிந்துவிடும். உடனே ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் கழுவி, ஹேர் டிரையரால் உலர்த்தி, நூறு மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டுங்கள். டேங்கில் ஓட்டை என்றால், பெட்ரோல் வாசனை போய்விட்டது என்று நம்பி வெல்டிங் பக்கம் கொண்டுபோகாதீர்கள். காலி டேங்கில் இருக்கும் ஆவிதான் வெடிக்கும். அனுபவமுள்ள ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் பற்றவைப்பதே வழி.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் டேப்பின் கார்க், கார்புரேட்டரின் ஓரிங் இவற்றை அது மென்மையாக்கி உப்பவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். எல்லாக் குழாயையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலியாக்கிவிட்டு நிறுத்துங்கள்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காற்றழுத்தத்தால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

பாகங்கள் எங்கே, எப்படி

சென்னைக்காரர்களுக்குப் பழைய பாகம் என்றால் புதுப்பேட்டை, புதுப் பாகம் என்றால் ஜி.பி. ரோடு. வெளிமாநிலத்தில் டெல்லி கரோல் பாக் புல்லட் பாகங்களுக்குப் பேர்போனது. புதுப்பேட்டையின் பயன் எல்லோரும் நினைப்பதுபோல விலை மலிவு மட்டும் அல்ல. பழைய அசல் வார்ப்புகள் அங்கேதான் கிடைக்கும். ஹெட்லைட் டூம், டூல் பாக்ஸ், மட்கார்டு ஸ்டே, கியர்பாக்ஸ் கவர் ஆகியவற்றில், புதிய மாற்றுப் பாகத்தைவிட நாற்பது வருடம் பழைய அசல் பாகம் துளைக்குத் துளை சரியாகப் பொருந்தும். மாதிரிப் பாகத்தையும் வெர்னியரையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பில் கேளுங்கள். எண் அடித்த கிராங்க்கேஸையோ ஃப்ரேமையோ பில் இல்லாமல் வாங்கவே கூடாது.

எதைப் புதிதாக, கம்பெனிப் பாகமாகவே வாங்க வேண்டும்? பேரிங், ஆயில் சீல், பிஸ்டன்–ரிங், வால்வு கைடு, கண்டென்சர், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள். இக்னிஷனில் பாயிண்ட்டோடு சேர்ந்த கண்டென்சர் ஏமாற்றும் பாகம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், இருபது நிமிடம் ஓடியதும் நின்றுவிடும், ஆறியதும் திரும்ப ஸ்டார்ட் ஆகும். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் கண்டென்சர் நினைவுக்கு வரும். எதில் மாற்றுப் பாகம் போதும்? ரப்பர் கிரிப், கால்மிதி ரப்பர், சீட் கவர், டூல் பாக்ஸ் பூட்டு.

பூட்டுதலும் அளவுகளும்

கேஸ்கட் பேஸ்டைத் தாராளமாகப் பூசுவது எண்ணெய்க் கசிவைத் தடுக்காது. பிதுங்கிய பேஸ்ட் உள்ளே உதிர்ந்து எண்ணெய்த் துளையை அடைக்கும். இரு முகமும் சமமாக இருக்கிறதா என்று கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மெல்லிய ஒரு படலம் மட்டும் தடவுங்கள். பிரைமரி கவரின் நடு நட்டை அழுத்தி முறுக்கினாலும் கசியும், ஏனென்றால் கவர் வளைந்து ஓரம் தூக்கும். ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு, மிதமாக முறுக்கினால் போதும்.

ஆல்டர்னேட்டர் ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி வேண்டும். ஓரிடத்தில் உரசினாலும் கம்பிச்சுருள் போய்விடும். பிரைமரி செயினில் நடுவே 6 மி.மீ. தளர்வு. கிராங்க்கைச் சுற்றிப் பார்த்து, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளக்க வேண்டும். பிரைமரி கவருக்குள் எண்ணெயை லெவல் ஸ்க்ரூவில் கசியும்வரை ஊற்றினால் சரி.

டேப்பட் (வால்வு இடைவெளி) சரிசெய்வது இந்த வண்டியின் இனிமையான வேலை. இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கம்ப்ரஷன் டிடிசியில் வைத்து, சின்ன டேப்பட் கவரைத் திறந்து, புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் துளிகூட ஆடக்கூடாது. ஃபில்லர் கேஜே தேவையில்லை, விரல்தான் கேஜ்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங்குக்கு, டிடிசிக்கு 0.8 மி.மீ. முன்பு, அட்வான்ஸ் யூனிட் (வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்தள்ளும் பாகம்) முழுதாகப் பின்வாங்கிய நிலையில், பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் துளை வழியே பழைய ஸ்போக் ஒன்றை விட்டுப் பிஸ்டனின் நிலையைப் பார்த்துக்கொண்டு, பாயிண்ட்களுக்கு நடுவே சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைச் செருகி, அது விடுபடும் நொடியைப் பிடிப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. இன்றும் அதில் ஒரு குறையும் இல்லை. அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் என்ன செய்தாலும் ஐடிலிங் நிற்காது, கிக்கரும் காலைத் திருப்பி அடிக்கும்.

பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு. ஃப்ரேமுக்குப் பவுடர் கோட்டிங் நல்லது, ஆனால் கழுத்து எண், கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) உட்காரும் கிண்ணம், இன்ஜின் மவுண்டிங் முகங்கள், எர்த் வயர் மாட்டும் இடம் இந்த நான்கையும் டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முகங்களில் இருக்கும் கோட்டிங் நாளடைவில் நசுங்கி இன்ஜின் போல்ட்கள் தளரும். எர்த் இல்லாத வண்டியில் விளக்கு மின்னி மின்னி எரியும். டேங்கின் தங்கக் கோடுகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சென்னைத் தொழிற்சாலையில் அந்தக் கோடுகளைப் பிரஷ் பிடித்துக் கையால்தான் இழுத்தார்கள். பழைய போர்டு எழுதும் ஓவியர்கள் பல ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கையால் இழுத்த கோட்டில் முனைக்கு வரும்போது மெலியும் ஓர் இழைவு உண்டு, அதை ஸ்டிக்கரில் கொண்டுவரவே முடியாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் மேல் போல்ட்டைத் தளர்த்தி, எண்ணெய் கசியும்வரை கிக் செய்யுங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் எண்ணெய் டேங்கில் உள்ள எண்ணெய் பம்பைக் கடந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டார்ட் ஆனதும் வெள்ளையாகப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், சில நிமிடத்தில் தெளியும். தெளியாவிட்டால் ரிங்கையோ கைடையோ சந்தேகப்படலாம். முதல் சூடு ஆறியபின் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கி, டேப்பட்டைத் திரும்பப் பாருங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் ஐம்பது வேகத்தைத் தாண்டாமல், ஆனால் இன்ஜினைத் திணறவிடாமல் ஓட்டுங்கள். பிறகு எண்ணெயை வெள்ளைப் பாத்திரத்தில் வடித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கரும் துகள் இருப்பது புது ரிங் உட்காரும் அடையாளம். மினுமினுவென்று ஏதாவது தெரிந்தால் ஒரு காந்தத்தை உள்ளே விடுங்கள். ஒட்டினால் எஃகு, பேரிங்கையோ கேமையோ பார்க்க வேண்டும். ஒட்டாமல் மினுக்கினால் டைமிங் கவரைக் கழற்றி அந்தச் சின்ன சீல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவரை வண்டியை இன்னொரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.